எட்டுப் பேர், ஒரே ட்ரிப்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

பெரியக்கா இறந்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், தகப்பனும் இல்லாத அவள் பிள்ளைகள் மூன்றையும் நமக்குள் பங்கு பிரித்து வளர்க்கலாம் என்று நீ சொன்னாய். நான் உனக்கு வாசலைக் காட்டினேன். ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்காக இப்போதும் வருத்தப்படவில்லை, இது சமாதானக் கடிதமும் இல்லை. இருபது வருடமாகக் கார்களுக்கு அடியில் படுத்துக் கிடக்கிறாய். எனக்குத் தெரிந்த மெக்கானிக் நீ ஒருவன்தான், அவ்வளவுதான்.

விஷயம் இது. வீட்டில் இப்போது எட்டுப் பேர். நான், அவர், எங்கள் பிள்ளைகள் இரண்டு, அக்கா பிள்ளைகள் மூன்று, முழங்கால் மடங்காத என் மாமனார். எங்களிடம் இருப்பதோ ஐந்து பேர் போகிற கார். எங்கே கிளம்பினாலும் இரண்டு தடவை ஓட வேண்டும். போன வெள்ளிக்கிழமை பள்ளி ஆண்டு விழா முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. அவர் முதலில் மாமனாரையும் என்னையும் எங்கள் இரண்டையும் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். வழியெல்லாம் தண்ணீர். அக்கா பிள்ளைகள் மூன்றும் பள்ளி வாசலில் ஒன்றேகால் மணி நேரம் நின்றிருக்கின்றன.

வந்ததும் தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டே, "ரொம்ப நேரம் நின்னீங்களாடா?" என்று கேட்டேன். பெரியவள் சொன்னாள்: "பரவால்ல சித்தி. நாங்க எப்பவும் ரெண்டாவது ட்ரிப்தானே."

கோபமாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் ஒன்பது மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள். பதிமூன்று வயது.

எட்டுப் பேரும் ஒரே தடவையில் போகிற கார் வேண்டும். யாரும் யார் மடியிலும் உட்காரக் கூடாது. எங்களிடம் உள்ள தொகையைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். சிரித்து முடித்துவிட்டு, அதற்கு என்ன கிடைக்கும் என்று மட்டும் எழுது.

அக்கா


பிப்ரவரி 14

அக்கா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சிரிக்கவில்லை.

அந்தத் தொகைக்குப் புது வண்டி வராது. எட்டு, ஒன்பது வயசான வண்டி வரும். ஏழு பேர் வண்டி தெருவுக்குத் தெரு நிற்கிறது, எட்டுப் பேர் வண்டிக்கு அலைய வேண்டும். நடு வரிசையில் தனித்தனி இருக்கை இருந்தால் மொத்தம் ஏழு. மூன்று பேர் உட்காரும் பெஞ்சு இருந்தால் எட்டு. விற்பவர் சொல்லும் எண்ணிக்கையை நம்பாதீர்கள், பெல்ட்டை எண்ணுங்கள். எத்தனை பெல்ட்டோ அத்தனை ஆள்.

காலையில் போங்கள். முதலில் இன்ஜின் மூடியின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி எதையோ மறைத்திருக்கிறார்கள். ஓட்டிப் பார்க்கும்போது பாட்டுப் போடுவார்கள், அணைக்கச் சொல்லுங்கள். எட்டுப் பேரையும் ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டில் ஏறிப் பாருங்கள்.

கடைசியாக, எந்த வண்டி வந்தாலும் நான் செய்வது ஒன்று உண்டு. முன்சக்கரங்களுக்கு நடுவில் பெரிய வெள்ளை அட்டை ஒன்றை விரித்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் எடுத்து எனக்குத் தபாலில் அனுப்புங்கள். போட்டோ வேண்டாம். போட்டோவில் எல்லா எண்ணெயும் கறுப்பாகத்தான் தெரியும், முகர்ந்து பார்க்கவும் முடியாது.

பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. அதனால் கேட்கவில்லை.

தம்பி


பிப்ரவரி 26

தம்பிக்கு,

அக்கா அவர்களாம்! பாருங்களாம், போங்களாம்! ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என் முதுகைவிட்டு இறங்காதவன் எழுதுகிற எழுத்தைப் பார். பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். நீ கேட்காத கேள்விக்குப் பதில்.

நான்கு கடை ஏறி இறங்கியாகிவிட்டது. முதலில் பார்த்தது வெள்ளி நிற வண்டி, ஏழு இருக்கை, அழகு சொட்டுகிறது. விற்பவர், "சின்னப் பையன்தானே மேடம், மடியில வச்சுக்கலாம். அஞ்சு வருஷத்துல பெரிய பொண்ணு காலேஜ் போயிடும், இடம் தானா காலியாகும்" என்றார். "என் பிள்ளைங்க வீட்டை விட்டுப் போனாத்தான் உங்க வண்டி சரியா வருமா?" என்று கேட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

சீருடை தைக்கிற கடையில் பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளை அளக்கிறேன், கார் எனக்கு எந்த மூலைக்கு? எட்டுப் பேரையும் நாற்காலியில் உட்கார வைத்து, முதுகிலிருந்து முழங்கால் வரை அளந்து சீட்டு எழுதிவிட்டேன். ஒரு நகல் உனக்கும் வைத்திருக்கிறேன். போகிற இடமெல்லாம் பின்வரிசையில் டேப்பைப் பிடித்தேன். ஒருவர், "சீட் கவர் தைக்க வந்தீங்களா?" என்று கேட்டார். பெரியவளுக்கு இருபத்திரண்டு அங்குலம் வேண்டும். இரண்டாவது கடை வெள்ளை வண்டியில் எட்டு இருக்கை இருந்தும், பின்னால் இருபதுதான். முழங்காலை மடக்கி வாயில் வைத்துக்கொள்ளவா முடியும்?

நான்காவது கடையில் கிடைத்தது நீல வண்டி. எட்டு இருக்கை, எட்டு பெல்ட், எல்லோர் அளவுக்கும் சரி. எட்டுப் பேரோடு மேம்பாலமும் ஏறிவிட்டது. அட்டை வைக்க வேண்டும் என்றதும் அந்தக் கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனால் விட்டார். அட்டை இத்துடன் இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர்தான் கவருக்கு அளவாக வெட்டிக் கொடுத்தார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற மனுஷன், எதையும் சுத்தமாக, ஓரம் நேராக வெட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

பெரியவளிடம், "பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன். "உங்க வண்டி சித்தி, உங்களுக்குப் பிடிச்சா சரி" என்றாள். உங்க வண்டி.

அக்கா


மார்ச் 3

அக்காவுக்கு,

சரி, நீ என்றே எழுதுகிறேன். எனக்கும் அந்த 'நீங்கள்' வரவில்லை.

அட்டையில் ஒன்றுமே இல்லை. முகர்ந்து பார்த்தேன், பட்டறை ஆட்களிடமும் கொடுத்தேன். வெறும் அட்டை வாசனைதான். ஒன்பது வயசு வண்டி இவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை, அதுதான் உறுத்துகிறது. கடைக்காரர் அட்டையை மாற்றிவிடவில்லையே? நீயே குனிந்து எடுத்திருந்தால், வாங்கு. முன்பணம் கொஞ்சமாகக் கொடு. ரசீதில் "எண்ணெய்க் கசிவு இல்லை" என்று எழுதி வாங்கு. மீதிக்கு இரண்டு வாரம் தவணை கேள்.

உன் அளவுச் சீட்டைப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பெரியவளுக்கு இருபத்திரண்டு அங்குலமா? நான் கடைசியாகப் பார்த்தபோது என் தோளுக்குக்கூட வரமாட்டாள்.

தம்பி


மார்ச் 9

தம்பி,

அவசரம். நீ சொன்னபடி ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு, புதன்கிழமை முன்பணம் கொடுத்துவிட்டேன். அட்டையை நான்தான் குனிந்து எடுத்து, வேலைக்கு நேரமானதால் திருப்பிக்கூடப் பார்க்காமல் அவர் கையில் கொடுத்தேன், யாரும் மாற்றவில்லை.

இன்று அக்காவின் கடைக்குட்டிப் பொடியன் சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஓர் அட்டைத் துண்டின் மேல் பொம்மைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். அதில் சிவப்பாக ஒரு வட்டம். அதுதான் சிக்னலாம். பெரியவள் குனிந்து பார்த்துவிட்டு, "சித்தி, இது அந்த நீல வண்டி அட்டைதானே? மாமாவுக்கு இதை அனுப்பலையா?" என்றாள்.

அவரைக் கூப்பிட்டேன். "அந்தப் பக்கம் ஒரே கறையா இருந்துச்சு. தபால்ல போறதாச்சேன்னு நல்ல பக்கமா வெட்டி வச்சேன்" என்கிறார். கறையைப் பார்ப்பதற்குத்தானே அட்டையே! "உங்க கடைக்குக் கண்ணைக் காட்ட வர்றவங்க, கண்ணை வீட்டுல வச்சிட்டா வர்றாங்க?" என்று கேட்டேன். அசடு வழிய நிற்கிறார்.

மீதித் துண்டை அனுப்புகிறேன். அதில் உள்ள கோடுகள் பொடியன் கார்ச் சக்கரம், அதை விட்டுவிடு. எண்ணெய் என்றால் எனக்குத் தெரிந்தது தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெய்தான். அது தண்ணீர் மாதிரி இருக்கும். இது என்ன, ரத்தம் மாதிரி?

அக்கா


மார்ச் 12

அக்கா,

வாங்காதே.

சிவப்பு என்றால் கியர் பெட்டி எண்ணெய். கருகிய வாசனையும் வருகிறது. அந்தப் பெட்டி அதிக நாள் தாங்காது. அதைச் சரிசெய்கிற செலவுக்கு இன்னொரு பாதி வண்டி வாங்கலாம். ரசீதில் எழுதி வாங்கியிருக்கிறாய் அல்லவா, போய்ப் பணத்தைத் திருப்பிக் கேள். கொடுக்க மாட்டேன் என்பார்கள். விடாதே.

"வாங்கு" என்று எழுதியது நான்தான். எட்டுப் பேரோடு எங்கேயோ நடுவழியில் நீ நின்றிருந்தால் என்று நினைத்து, பட்டறை வேலையைப் பாதியில் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். என் வாயால் உன் வீட்டில் ஏற்கெனவே ஒரு தடவை நடந்தது போதும்.

அத்தானை மேற்கொண்டு திட்டாதே, வேண்டிய அளவு திட்டியிருப்பாய். பெரியவளுக்கு ஒரு சாக்லேட் வாங்கிக் கொடு, நான் சொன்னதாகச் சொல்லாதே. அவளுக்கு நல்ல கண்.

தம்பி


மார்ச் 18

தம்பிக்கு,

பணம் கைக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று கேள்.

முதல் நாள் போனபோது மேனேஜர், "முன்பணம் திரும்பக் கிடையாது மேடம், அது எங்க ரூல்" என்றார். ரசீதையும் அட்டையையும் அவர் கண்ணாடி மேசை மேல் வைத்தேன். அட்டையை விரல் நுனியால் தள்ளிவிட்டு, அடுத்த வாரம் போன் செய்வதாகச் சொன்னார். சரி, ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை கடையில் கூட்டம் நிறைந்திருக்கும் நேரம் பார்த்து எட்டுப் பேரும் போனோம். நேராக நீல வண்டியில் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். மேனேஜர் ஓடிவந்தார். "நீங்க ரூல் சொல்லுங்க, நாங்க உக்காந்து கேக்கறோம்" என்றேன். மாமனார் பத்தே நிமிடத்தில் குறட்டை விட ஆரம்பித்தார். வண்டி பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அக்காவின் நடுவள், நம் வாயாடி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அங்கிள், இதுக்கு கியர் பெட்டி ஒழுகுது, எங்க மாமா சொன்னாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நாற்பதாவது நிமிடம் பணம் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கேயும் இரண்டு தடவையாகத்தான் போனோம். ஆனால் இந்த முறை அக்கா பிள்ளைகள் மூன்றையும் முதல் ட்ரிப்பில் அனுப்பினேன். நான் என் இரண்டோடும் வாசலில் நின்றேன். "அப்பா நம்மளக் கூட்டிட்டுப் போக வருவாங்களாம்மா?" என்று சின்னவள் நாலு தடவை கேட்டாள். கொஞ்ச நேரம் நின்றதற்கே அந்தக் கேள்வி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரிக்கலாம் என்று நீ வாயால் சொன்னாய், துரத்தினேன். நான் ஒன்றரை வருடமாகத் தினமும் கையால் பிரித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வாசலைக் காட்டத்தான் ஆள் இல்லை.

அன்று சொன்ன எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். ஆனால் "உனக்கு ரத்த பாசமே கிடையாது" என்றேனே, அதை வாங்கிக்கொள்கிறேன்.

நான் இனி எந்தக் கடைக்கும் போவதாக இல்லை, விடுவதாகவும் இல்லை. நீயே ஒரு வண்டி பார்.

அக்கா


மார்ச் 31

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பதில் எழுத வராமல், முதலில் வண்டியைத் தேடப் போய்விட்டேன். எனக்கு அதுதான் சுலபம்.

வண்டி கிடைத்துவிட்டது. செடி, கன்று விற்கிற நர்சரிக்காரர் ஒருவருடையது. பத்து வயசு. வாங்கிய அன்றே தொட்டி ஏற்றுவதற்காகப் பின் இருக்கைகளைக் கழற்றி, பிளாஸ்டிக் உறையோடு கிடங்கில் போட்டுவிட்டார். வண்டிதான் பழசு, இருக்கை புதுசு. இன்ஜின் நன்றாக இருக்கிறது, கியர் பெட்டியை நானே திறந்து பார்த்து மூடினேன். இரண்டு பெல்ட் நைந்திருந்தது, புதிதாக மாற்றினேன். இப்போது எட்டும் சரி. பின்வரிசையில் இருபத்துநான்கு அங்குலம், பெரியவள் இன்னும் வளரலாம். உன் மாமனார் ஏறக் கீழே ஒரு படியும், பக்கத்தில் ஒரு கைப்பிடியும் வெல்டிங் செய்திருக்கிறேன்.

குறைகள்: இடது கதவில் ஒரு நசுங்கல், உள்ளே எரு வாசனை, நிறம் பழுத்த பூசணிக்காய் நிறம். மூன்றையும் மாற்ற உன் தொகை போதாது.

நானும் பட்டறை ஆட்கள் நால்வரும், பக்கத்து சலூன்காரர்கள் இருவரும், எதிர் மாடியில் இருக்கிற பெரிய தொப்பைக்காரருமாக எட்டுப் பேர் ஏறி மூன்று தடவை மேம்பாலம் போய்வந்தோம். இறங்கும்போது சலூன்காரர், "அடுத்து எங்க போறோம்?" என்று கேட்டார். ஏழு ராத்திரி அட்டை வைத்தேன். ஏழையும் வெட்டாமல் கட்டி அனுப்புகிறேன். ஆறில் ஒன்றுமில்லை, ஒன்றில் பூனைக்கால் தடம்.

உன் தாளில் உள்ளதற்குள்தான் விலை. என் கூலியைப் பற்றிப் பேச்செடுத்தால் வண்டி திரும்பி வந்துவிடும்.

அன்று நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ கேட்டதே இல்லை. பட்டறைக்கு மேலே ஒற்றை அறை, ஒரு கட்டில், இதுதான் என் வீடு. மூன்று பேரை என்னால் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் மூன்றையும் உன் தலையில் கட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போக மனசு கேட்கவில்லை. ஒரு பிள்ளையையாவது நான் வளர்க்கக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அதைச் சொல்லத் தெரியாமல், சாமான் பங்கு போடுகிற மாதிரி வாயில் வந்துவிட்டது.

பட்டறைப் பெரியவர் வண்டியைக் கொண்டுவந்து விடுவார். நான் வரவில்லை. அன்று பெரியவள் கதவுக்குப் பின்னால் நின்றதை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் இல்லை.

தம்பி


ஏப்ரல் 17

தம்பிக்கு,

பூசணிக்காய் வந்து சேர்ந்தது. தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. எருவாசனை போக அவர் உள்ளே மூன்று நாள் துடைத்தார், அட்டையை வெட்டிய பாவம் பாதி கழிந்தது. மாமனார் நீ வைத்த படியில் யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். பிறகு இறங்கி, எங்களைப் பார்க்கச் சொல்லிவிட்டு மறுபடி ஏறினார்.

புதன்கிழமை பள்ளிக்கு நான் போகக் கால் மணி நேரம் தாமதம். ஐந்தும் வாசலில் ஒன்றாக நின்றிருந்தன. வாட்ச்மேன் பழக்கத்தில், "இன்னிக்கு யாரு முதல்ல போறீங்க, யாரு நிக்கறீங்க?" என்று கேட்டிருக்கிறார். பெரியவள் சொன்னாளாம்: "யாரும் நிக்க மாட்டோம். எங்க வண்டி ஒரே தடவைதான் வரும்."

வாட்ச்மேன்தான் என்னிடம் சொன்னார். எங்க வண்டியாம். கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் என்னால் வண்டியை எடுக்க முடிந்தது.

கதவுக்குப் பின்னால் நின்றது உண்மையா என்று அவளிடமே கேட்டேன். "மாமா எங்களைப் பிரிக்கணும்னு சொன்னாரு, கேட்டுச்சு. ஆனா எட்டு பெல்ட் இருக்கான்னு பாத்து அனுப்பினதும் அவர்தானே சித்தி" என்றாள். இதற்கு மேல் உனக்கு என்ன தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

அது இருக்கட்டும். நேற்று வண்டிக்குக் கீழே அட்டை வைத்துப் பார்த்தோம். ஒரு சொட்டு விழுந்திருக்கிறது. முழு அட்டையையும் அனுப்புகிறேன், வெட்டவில்லை. ஒழுகுகிற வண்டியை எங்கள் தலையில் கட்டிவிட்டு நீ அங்கே உட்கார்ந்திருக்க முடியாது. வந்து பார்.

அக்கா


ஏப்ரல் 21

அக்காவுக்கு,

அட்டை கிடைத்தது. முகர்ந்து பார்த்தேன். நிறமே இல்லாமல், தண்ணீர் மாதிரி இருக்கிறது. தையல் மிஷின் எண்ணெய். நான் பார்த்த எந்த வண்டியிலும் அதை ஊற்றுவதில்லை.

சொட்டைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டது யார் என்று கேட்க மாட்டேன். பெரியக்காவும் வட்டம் போட்டால் இப்படித்தான் முனை சேராது. அட்டையைச் சுவரில் உன் அளவுச் சீட்டுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன்.

இருந்தாலும் கசிவு கசிவுதான், பார்க்காமல் விட முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்குவேன். வண்டியில் எட்டு இருக்கைதான், நான் ஒன்பதாவது ஆள். அதற்காக எந்தப் பிள்ளையையும் வீட்டில் விட்டுவிட்டு வராதே, மடியிலும் வைக்காதே. எட்டுப் பேரும் வாருங்கள். திரும்பும்போது நான் ஓட்டுகிறேன்.

அட்டையை வெட்டியவர் நடந்து வரட்டும்.

தம்பி